ஓட்டல் நடைபாலமும் ஒரு நட்டும்

உயரமான ஓட்டல் என்றதும் அதற்கு எத்தனை மாடிகள் என்றுதான் நாம் கேட்போம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் 1980 ஜூலையில் திறக்கப்பட்ட ஹயாத் ரீஜன்சி ஓட்டலுக்கு 40 மாடிகள். ஆனால் பொறியியல் வகுப்புகளில் இந்த ஓட்டலின் பெயர் வரும்போது மாடிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதன் முன்கூடத்தில், ஓர் எஃகு விட்டத்தின் அடியில் இருந்த நட்டைப் பற்றியே பேசுகிறார்கள். காரணத்தைப் பார்ப்போம்.

முற்றம் வந்த கதை

நம் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1967இல் அட்லாண்டா நகரில் ஜான் போர்ட்மன் என்ற கட்டடக் கலைஞர், ஓர் ஓட்டலின் நடுவே 22 மாடி உயரத்துக்கு முற்றம் அமைத்து, அதைச் சுற்றி அறைகளை வைத்தார். அதன்பின் விசாலமான உயர்ந்த கூடம் நகர ஓட்டல்களின் அடையாளமாயிற்று.

கான்சாஸ் சிட்டி ஓட்டலில் ஒருபுறம் அறைகள் கொண்ட கோபுரம். மறுபுறம் விருந்துக் கூடங்கள். இடையே சுமார் 15 மீட்டர் உயரமுள்ள முன்கூடம். இருபுறத்தையும் இணைக்க இரண்டாம், மூன்றாம், நான்காம் தளங்களில் சுமார் 37 மீட்டர் நீளமுள்ள மூன்று நடைபாலங்கள் அமைந்தன. கூடத்தின் நடுவே தூண்கள் வேண்டாம் என்பதால், இவற்றைக் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிட்டனர். நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலம் இருந்தது. மூன்றாம் தளப் பாலம் சற்று விலகித் தனியே தொங்கியது.

இரண்டு உறிகள்

உத்தரத்திலிருந்து ஒரே கயிறு தொங்குகிறது. அதில் இரண்டு முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஓர் உறியாக இரண்டு உறிகளை மாட்டுகிறீர்கள். கயிறு இரண்டின் பாரத்தையும் தாங்குகிறது. முடிச்சு ஒவ்வொன்றும் தன் உறியை மட்டுமே தாங்குகிறது. இப்போது கயிற்றை மேல் உறியோடு நிறுத்திவிட்டு, கீழ் உறியை வேறொரு கயிற்றால் மேல் உறியிலேயே கட்டுங்கள். மேல் முடிச்சின் மீது இரு மடங்கு பாரம் விழும் அல்லவா?

ஓட்டலில் நடந்ததும் இதுவே. முதல் வரைபடத்தில் ஒவ்வொரு கம்பியும் கூரையிலிருந்து இரண்டாம் தளப் பாலம் வரை ஒரே நீளமாக இறங்கியது. அப்படியானால் நான்காம் தள நட்டை ஏற்ற, நீண்ட தூரம் கம்பியில் மரை வெட்டவேண்டும். தூக்கி நிறுத்தும்போது அந்த மரை சிதையவும் கூடும். ஆகவே கம்பியை இரண்டாகப் பிரித்தனர். மேற்கம்பி நான்காம் தள விட்டத்தோடு நின்றது. கீழ்க்கம்பி அதே விட்டத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கியது. வேலை எளிதாயிற்று. வரைபடத்தில் ஒப்புதல் முத்திரையும் விழுந்தது. அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் எவரும் கணக்கிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

1981 ஜூலை 17 மாலை, நடன நிகழ்ச்சிக்காகச் சுமார் 1,600 பேர் கூடத்தில் திரண்டிருந்தனர். பாலங்களின் மீதும் பலர் நின்றிருந்தனர். இரவு 7 மணி கடந்த சிறிது நேரத்தில் நான்காம் தளப் பாலம் அறுந்து இரண்டாம் தளப் பாலத்தோடு கீழே விழுந்தது. 114 பேர் இறந்தனர். 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

ஆராய்ந்தபோது கம்பிகள் அறுபடவில்லை என்று தெரிந்தது. 'ப' வடிவச் சட்டங்கள் இரண்டை வாயோடு வாய் சேர்த்துப் பற்றவைத்து விட்டத்தைச் செய்திருந்தார்கள். கம்பிக்கான துளை அந்தப் பற்றவைப்பின் மீதே இருந்தது. பாரம் மிகுந்தபோது விட்டம் பிளந்து, நட்டு துளை வழியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. முதல் வரைபடப்படி கட்டியிருந்தாலும் நகர விதிகள் கோரிய வலுவில் சுமார் 60 சதவீதமே இருந்திருக்கும் என்றும், மாற்றத்துக்குப்பின் அது ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறைந்தது என்றும் அரசு ஆய்வாளர்கள் 1982இல் அறிவித்தனர்.

பொறுப்பான பொறியாளர்கள் இருவர் மிசூரி மாநிலத்தில் தொழில் உரிமத்தை இழந்தனர். ஓட்டல் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. தொங்கு பாலங்களுக்குப் பதிலாகத் தூண்கள் தாங்கும் மேல்தளம் ஒன்றை அமைத்தார்கள். இறந்தோர் நினைவிடம் 2015இல் அருகே திறக்கப்பட்டது.

பொறியியல் படிக்கச் செல்லும் மாணவர்களே, வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தும்போதெல்லாம் பாரம் எவ்வழியே தரைக்குச் செல்கிறது என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். கான்சாஸ் சிட்டியில் அதற்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டிருக்கும்.