சூலகப் புற்றுநோயும் பெண்களின் குரலும்

மருத்துவ வரலாறு மேதைகளின் கண்டுபிடிப்புக்களை நிரல்படுத்திக் கூறுவது எனப் பலர் கருதுவர். நோயாளரும் அவ்வரலாற்றை ஆக்கியோரே என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய் குறித்து எழுந்த இயக்கம் தக்க சான்றாகும்.

இந்நோய் அறிகுறி எதனையும் காட்டாது வளர்ந்து கொல்வது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 'மௌனக் கொலையாளி' என்ற பெயரும் அதற்கு வழங்கியது. நகைச்சுவை நடிகை கில்டா ராட்னர் பல மாதங்களாகத் தம் உடல்நோவை மருத்துவர்களிடம் எடுத்துக்கூறிவந்தும், 1986 ஒக்டோபரிலேதான் நோய் இனங்காணப்பட்டது. 1989இல், தமது 42ஆம் வயதில் அவர் மறைந்தார். மௌனமாயிருந்தது நோயா, நோயுற்றவளின் சொல்லுக்குச் செவிசாய்க்காத சமுதாயமா?

இவ்வினாவுக்கு விடையளித்தோர் நோயாளரே. நோயுற்ற பெண்களுக்கெனவே வெளிவந்த செய்திமடலொன்றின் வாயிலாக, பார்பரா கோஃப் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வினாக்கொத்தொன்றைப் பரப்பினர். 1,725 பெண்கள் விடை எழுதினர். அவர்களுள் நூற்றுக்கு 95 பேர், நோய் இனங்காணப்படுமுன்னரே தம்மிடம் அறிகுறிகள் தோன்றியதாகக் கூறினர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு பழைய கருத்தின் அடித்தளத்தை அசைத்தது. வயிற்றுப் பொருமல், அடிவயிற்று நோவு, சிறிது உண்டதும் வயிறு நிரம்பிவிடுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல் என்பன புதிதாகத் தோன்றி, நாள்தோறும் என்னுமளவுக்கு வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடவேண்டும் என்று 2007இல் அந்நாட்டு மருத்துவ அமைப்புக்கள் கூட்டாக அறிவித்தன.

அவ்வாண்டு சனவரியிலேயே 'ஜோஹானா சட்டம்' கையொப்பமாயிற்று. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியையான ஜோஹானா, முறையாக மருத்துவ சோதனைக்குச் சென்றுவந்தவர். எனினும் தமக்கு நேர்ந்தவை இந்நோயின் அறிகுறிகள் என்பதை அறியாதிருந்தார். 2000இல் அவர் இறந்தபின், சகோதரி ஷெரில் சில்வர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் பயனே அச்சட்டம். பெண்களின் இனப்பெருக்க உறுப்புக்களில் தோன்றும் புற்றுநோய்கள் பற்றி மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் அறிவூட்டுவதை அது அரசின் கடமையாக்கியது.

ஆராய்ச்சிப் பணமும் கேளாது கிடைத்ததன்று. மார்புப் புற்றுநோயுற்ற பெண்களின் போராட்டத்தால், 1992இல் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியிலே மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. அவ்வழியிலேயே 1997இல் சூலகப் புற்றுநோய்க்கு 75 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. படைக்கலங்களுக்குக் கோடிகோடியாக வாரியிறைக்கும் ஒரு திணைக்களத்தில் இஃது எம்மாத்திரம்? அதனையும் காங்கிரஸ் சபை ஆண்டுதோறும் இசைந்து வழங்கவேண்டும். ஆகவே நோயுற்றோரும் ஆண்டுதோறும் அச்சபையின் படியேறவேண்டியுள்ளது.

அறிகுறிகளை அறிதல் மட்டும் போதுமா எனின், போதாது. பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நிகழ்ந்த நீண்ட ஆய்வு, நோய்க்குறியற்றோரை இரத்தப் பரிசோதனையாலும் கேளா ஒலிப் பரிசோதனையாலும் ஆண்டுதோறும் சோதித்தும் மரணங்கள் குறையவில்லை என 2021இல் அறிவித்தது. நம்பத்தக்க சோதனைமுறையை இனித்தான் கண்டறிதல் வேண்டும். தன் உடல் பற்றிப் பெண் கூறுவதை அறிவென மதித்தல் முதற்படி. அவ்வறிவை வளர்க்கும் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை ஒதுக்குதல் அடுத்தபடி. ஒன்றுதிரண்டு கேட்டோராலேயே இவ்விரண்டும் இதுவரை ஈட்டப்பட்டன. இனியும் அவ்வாறே ஈட்டப்படும்.