அறங்காவலர்

அறம் + காவலர். இறுதி மகரம் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிந்தது. பொருள்: பிறர் நலனுக்கென ஒதுக்கிய சொத்தைத் தம் பொறுப்பில் வைத்துப் பார்ப்பவர். பழைய வழக்கு தர்மகர்த்தா. பேச்சு வழக்கு டிரஸ்டி. கர்த்தா என்றால் செய்பவர், தலைவர். காவலரோ காப்பவர் மட்டுமே.

கோயிலோடு சேர்த்தே அறிந்த சொல் இது. தாத்தா பேரப்பிள்ளைகளுக்கென எழுதிவைத்த குடும்ப டிரஸ்டிலும் இந்தப் பொறுப்பு உண்டு. சிக்கலும் அங்கேதான் கிளம்பும். பத்திரம் பெரியப்பா பெயரில், கடை வாடகை அவர் கையில். "என்னிடமே கணக்குக் கேட்கிறாயா?" என்று சீறுவார்.

தாராளமாகக் கேட்கலாம். 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, சரியான கணக்கு வைப்பதும் பயனாளி கேட்டால் விவரம் தருவதும் அவர் கடமை. டிரஸ்ட் பத்திரத்தையும் கணக்கையும் வவுச்சர்களையும் பார்த்து நகலெடுக்கும் உரிமையை 57ஆம் பிரிவு தருகிறது. டிரஸ்ட் சொத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவதை 51ஆம் பிரிவு தடுக்கிறது.

கூடத்தில் நின்று கத்துவதைவிட எழுத்தில் கேட்பது மேல். கடித நகலும் தபால் ரசீதும் பின்னால் சாட்சியாகும். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்: கணக்கு ஒப்படைக்கவும், தகுதியற்றவரை மாற்றவும் அங்கே கோரலாம்.