இனுயிட் தோலாடை

ஆர்க்டிக் வட அமெரிக்காவிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனுயிட் மக்கள் விலங்குத் தோலால் தைத்து அணிந்துவந்த உடை. குளிர்காலத்துக்குக் கரிபு மான் தோல், கோடைக்கும் ஈரத்துக்கும் சீல் தோல் என்பது பரவலான வழக்கம்.

கரிபுவின் மயிர் உள்ளீடற்றது. அதில் அடைபட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. கோடை முடியும் தறுவாயில் வேட்டையாடிய மானின் தோலையே உடைக்கு விரும்பினார்கள். குளிர்காலத் தோல் கனம் கூடியது. கடுங்குளிரில் இரண்டு அடுக்கு: உள்ளாடையின் மயிர் உடம்பைத் தொடும், மேலாடையின் மயிர் வெளியே இருக்கும். கைக்குழந்தையை முதுகோடு வைத்துக்கொள்ளப் பையுள்ள பெண்களின் மேலாடைக்கு அமாவுத்தி என்று பெயர்.

தோலைச் சுரண்டுவது, மென்று பதப்படுத்துவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. வேட்டைக்காரனின் வீரத்தை எழுதிய பயணிகள் பலர் இதைப் போகிற போக்கில்தான் சொல்லிச் சென்றார்கள். ஆனால் தையல் பிரிந்தால் அவன் உயிரோடு திரும்புவது சந்தேகம். உலு என்ற பிறை வடிவக் கத்தியால் தோலை வெட்டுவார்கள். அளவு கண்ணும் கையும் சொல்வதுதான். கரிபுவின் முதுகுத் தசைநாரை உலர்த்திப் பிரித்தால் நூல். நீர் புகக் கூடாத காலணியில் ஊசி தோலின் பாதிக் கனம் வரைதான் போகும், மறுபுறம் துளை விழாது. மடிப்பை ஒருமுறை இப்படித் தைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து இன்னொரு வரிசை ஓட்டுவார்கள். நனைந்ததும் நார் உப்பி, இருக்கும் துளையையும் அடைத்துவிடும்.

1972இல் கிரீன்லாந்தின் கிலாகித்சோக்கில் எட்டுப் பேரின் பதப்பட்ட உடல்கள் கிடைத்தன. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றோடு 78 உடைகள் இருந்தன. இறகு உடம்பைத் தொடும்படி அணிந்த பறவைத் தோல் சட்டைகளும் அவற்றில் உண்டு. 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் இனுயிட்டுகளிடையே தங்கிய ரோல்டு அமுண்ட்சன் அவர்களைப் போல உடுத்தக் கற்றார். 1911இல் தென்துருவத்தை அடைந்த பயணத்துக்கும் அந்த முறை உடைகளைக் கொண்டுசென்றார். குனுட் ராஸ்முசன் தலைமையிலான ஐந்தாம் தூலே பயணக்குழு (1921–24) சேகரித்த உடைகள் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

கடைத்துணி பரவியதும், பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனதும், தாயிடமிருந்து மகளுக்குப் போய்வந்த தையல் அறிவை நலித்தன. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருள் விற்பனையைத் தடைசெய்தபோது இனுயிட் வேட்டைக்கு விலக்கு அளித்தது. ஆனாலும் சந்தை சரிந்தது. அமாவுத்தி வடிவத்தைப் பிறர் வணிகத்துக்கு எடுத்துக்கொள்ளாதபடி காக்க, கனடாவின் பவுக்துதித் இனுயிட் பெண்கள் அமைப்பு முயன்றுவருகிறது.