உலாவியின் அஞ்சறைப் பெட்டி

அடுக்களையில் சமைப்பவரைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். தாளிக்கக் கடுகு வேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு முறையும் பரண்மீது ஏறுவதில்லை. கைக்கெட்டும் தொலைவில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் என்று நாள்தோறும் வேண்டப்படுபவை அதில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கின்றன. பெட்டியில் ஒன்று தீர்ந்துவிட்டால்தான் பெரிய டப்பாவைத் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகிறவரும் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து வருவதில்லை. பெட்டியையும் நிரப்பிக்கொண்டுதான் வருகிறார். கணிப்பொறியில் ‘கேஷ்’ எனப்படும் நினைவகத்தின் தத்துவம் ஏறக்குறைய இவ்வளவே.

கேஷ் என்றதும் பணப்பெட்டி உங்கள் நினைவுக்கு வரலாம். ஒலி ஒன்றுதான், ஆங்கிலத்தில் எழுத்து வேறு. இது ‘ஒளித்துவை’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குகளைப் பிடித்துத் தோல் விற்றுவந்தவர்கள், சுமையைக் குறைப்பதற்காக உணவையும் கருவிகளையும் வழியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதுக்கிடத்திற்குத்தான் முதலில் இப்பெயர் வழங்கிற்று. தமிழில் ‘தற்காலிகச் சேமிப்பு’ என்கிறார்கள். அது தவறன்று, ஆனால் ‘பதுக்கிடம்’ என்பதே மூலப் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது என்பது என் கருத்து. பதுக்கிவைத்ததைப் பதுக்கியவரே மறந்துவிடுவதுண்டு. பிறர் வந்து தோண்டி எடுப்பதும் உண்டு. நாம் இங்கே பார்க்கப்போவது அந்தத் தோண்டியெடுக்கும் வேலையின் வரலாற்றைத்தான்.

கதை 1960-களில் தொடங்குகிறது. அக்காலக் கணிப்பொறிகளில் கணக்கிடும் பகுதி விரைவாக இயங்கியது. ஆனால் காந்த வளையங்களால் ஆன முதன்மை நினைவகம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. நினைவகம் முழுவதையும் விரைவானதாகச் செய்யலாம் என்றால் செலவு கட்டுப்படியாகாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 1949-ஆம் ஆண்டிலேயே ‘எட்சாக்’ என்னும் கணிப்பொறியை இயக்கிக் காட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் 1965-இல் இரண்டே பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். பெரிய, மெதுவான நினைவகத்தின் முன்னால் சிறிய, விரைவான நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையில் கேட்கப்பட்டவற்றின் நகலை அதில் தானாகவே நிறுத்திவைக்கலாம் என்பது அவர் கூறிய வழி. அதற்கு அவர் இட்ட பெயர் ‘அடிமை நினைவகம்’. நல்லவேளை, அப்பெயர் நிலைக்கவில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையின் 85-ஆம் மாதிரியை 1968-இல் அறிவித்தபோது இக்கருத்து சந்தைக்கு வந்தது. அதன் முதன்மை நினைவகம் 512 கிலோபைட்டிலிருந்து 4 மெகாபைட் வரை. முன்னால் இருந்த சிறு நினைவகமோ 16 கிலோபைட்தான். பொறியாளர்கள் அதனை ‘அதிவேக இடைத்தாங்கி’ என்று அழைத்தார்கள். அவர்களுடைய கட்டுரையைப் பதிப்பித்த இதழாசிரியர் லைல் ஜான்சனுக்கு அந்தப் பெயர் சுவைக்கவில்லை. அவர் சொன்ன மாற்றுப் பெயர்தான் ‘கேஷ்’.

பெயர் பொருத்தமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிரல் எழுதுபவர் அப்படியொரு நினைவகம் இருப்பதையே அறிய வேண்டியதில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இந்த மறைவுத் தன்மை பிற்காலத்தில் எவ்வளவு பெரிய விளைவுகளைத் தரும் என்பதை அன்று யார் அறிவார்?

உலாவிக்குள் புகுந்த பதுக்கிடம்

ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலையைப் பற்றிய தம் முன்மொழிவை எழுதினார். 1990-ஆம் ஆண்டு இறுதியில் முதல் உலாவி இயங்கியது. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘மொசைக்’ வந்தது. அதில் எழுத்துகளோடு படங்களும் ஒரே பக்கத்தில் தோன்றின. மறு ஆண்டே ‘நெட்ஸ்கேப்’ வந்தது. படங்கள் வந்ததும் இடர்ப்பாடும் கூடவே வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கியபோது தொலைபேசி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும் என்பதை நீங்களே பெருக்கி வகுத்துப் பார்க்கலாம். அடுத்த பக்கம் போய்விட்டுத் திரும்பினால் அதே படத்திற்கு இன்னொரு ஒன்றரை நிமிடமா?

வில்க்ஸ் சொன்ன தீர்வே இங்கும் கைகொடுத்தது. மெதுவான நினைவகத்தின் இடத்தில் கடல் கடந்த வலைச் சேவையகம். அதன் முன்னால் உங்கள் கணிப்பொறியின் வட்டு. உலாவி, பெற்ற ஒவ்வொரு கோப்பையும் முகவரியுடன் சேர்த்து வட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டது. பழைய நகல் இன்னும் செல்லுமா என்பதை அறிய 1996, 1997 ஆண்டுகளில் வெளியான எச்.டி.டி.பி. நெறிமுறைகளில் வழி வகுக்கப்பட்டது. “நேற்றுப் பத்து மணிக்குப் பின் இந்தப் படம் மாறியதா?” என்று உலாவி கேட்கும். “மாறவில்லை” என்றால் 304 என்னும் எண் மட்டும் பதிலாக வரும். படம் மறுபடி வராது. பெட்டி நிறைந்ததும் நெடுநாள் தொடப்படாதவை முதலில் வெளியேற்றப்படும்.

இப்போது ஒரு மாணவரை எண்ணிக்கொள்ளுங்கள். சென்ற வாரம் ஒரு தளத்தில் அவர் பார்த்த வரைபடம் இன்று அங்கே இல்லை. சேமித்து வைக்கவும் இல்லை. ஆனால் அதன் நகல் அவருடைய வட்டில் எங்கோ கிடக்கிறது! எடுப்பது எப்படி?

எளிதன்று. பதுக்கிடம் உலாவிக்காகக் கட்டப்பட்டது, மனிதருக்காக அன்று. நெட்ஸ்கேப் தன் கோப்புகளுக்கு எம் என்னும் எழுத்தில் தொடங்கும் பொருளற்ற பெயர்களை இட்டது. எது எந்த முகவரிக்குரியது என்பது தனியே ஒரு பட்டியலில் இருந்தது. பட்டியல் கெட்டால் எல்லாம் பெயரில்லாக் குவியல். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எட்டெட்டு எழுத்துகள் கொண்ட தாறுமாறான பெயருடைய உறைகளில் கோப்புகளைப் பிரித்துப் போட்டது. தீய பக்கம் எதுவும் தன் கோப்பு எங்கே விழுந்தது என்பதை ஊகித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதன் பட்டியலான ‘இன்டெக்ஸ்.டேட்’ கோப்பின் அமைப்பை ஆராய்ந்து படித்துக் காட்டும் ‘பாஸ்கோ’ என்னும் கருவியைக் கீத் ஜோன்ஸ் என்பவர் எழுதினார். பாஸ்கோ என்றால் இலத்தீனில் ‘மேய்தல்’. உலாவுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஆடுமாடு மேய்வது என்றொரு பொருள் உண்டு அன்றோ?

பட்டியலே இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. கோப்பின் பெயர் பொய் சொல்லலாம். அதன் முதல் சில பைட்டுகள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஜேபெக் படம் 255, 216, 255 என்னும் எண்களோடு தொடங்கி 255, 217-இல் முடியும். பி.என்.ஜி. படம் 137-இல் தொடங்கும். அடுத்த மூன்று பைட்டுகள் அதன் பெயரெழுத்துகளே. ஜிப் கோப்பின் தொடக்கத்தில் ‘பி.கே.’ என்று இருக்கும். அதனை வகுத்த ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. பதுக்கிடத்தில் வெறும் குப்பைபோல் தோன்றும் பல கோப்புகள் 31, 139 என்று தொடங்குவதைக் காணலாம். அவை குப்பையல்ல, பயணத்திற்காகச் சுருக்கி அனுப்பப்பட்ட பக்கங்கள். விரித்தால் எழுத்துகள் தெரியும். அழிக்கப்பட்ட கோப்புகளையும் இந்த அடையாளங்களைக் கொண்டே வட்டின் பரப்பில் தேடியெடுக்கிறார்கள். அமெரிக்க விமானப் படையின் புலனாய்வுப் பிரிவில் உருவான ‘ஃபோர்மோஸ்ட்’, பிரான்ஸ் நாட்டவர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ ஆகியவை இவ்வகைக் கருவிகள். சுழலும் வட்டில் இம்முறை நன்கு பலித்தது. திண்மநிலை வட்டுகளில் அழிக்கப்பட்ட இடத்தை வட்டே முன்கூட்டித் துடைத்துவைப்பதால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

உங்களுக்கே இந்த நிலை வந்தால் செய்யக் கூடாத செயல் ஒன்று உண்டு. பதற்றத்தில் ‘புதுப்பி’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள். உலாவி சேவையகத்தைக் கேட்கும். ‘இல்லை’ என்னும் பதிலோ மாற்றப்பட்ட பக்கமோ வந்து பழைய நகலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். உலாவியை மூடுங்கள். பதுக்கிட உறை முழுவதையும் வேறோர் இடத்திற்கு நகலெடுத்து, அந்த நகலின்மீது மட்டும் வேலை செய்யுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சேவையகத்திலிருந்து வந்தவைதான் அங்கே இருக்கும், நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியவை இருக்கமாட்டா.

யூடியூப் 2005-இல் தொடங்கிய பின் சில ஆண்டுகள் இந்தக் கலைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. அன்று ஒளிப்படம் ஒரே நீண்ட கோப்பாக இறங்கியது. தற்காலிக உறைக்குள் பார்த்தால் முழுவதும் கிடைத்தது. பிற்பாடு ஒளிப்படங்களைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பும் முறை பரவவே அந்த வழி அடைபட்டது.

ஒருவர் இழந்தது, பலர் வைத்திருந்தது

தனி ஒருவரின் பதுக்கிடத்தைவிடப் பெரிய பதுக்கிடங்களும் இருந்தன. கூகுள் தேடுபொறி, தான் கண்ட பக்கங்களின் நகலைத் தன்னிடமும் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்குக் காட்டிவந்தது. அமெரிக்காவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெக்கவுனும் மைக்கேல் நெல்சனும், தேடுபொறிகளின் இந்த நகல்களையும் இணைய ஆவணக் காப்பகத்தையும் துழாவி, மறைந்துபோன தளங்களை மீட்டுக் கட்டும் ‘வாரிக்’ என்னும் கருவியை 2005-ஐ ஒட்டி உருவாக்கினார்கள். சூதாட்டத்தில் நாட்டமுள்ள ஒரு தொலைக்காட்சித் துப்பறிவாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். மீட்பு கைகூடுமா என்பதே ஒரு சூதாட்டம் என்பது குறிப்பு.

2009 டிசம்பரில் அமெரிக்க நிரலாளர் ஜெஃப் அட்வுட்டின் புகழ்பெற்ற தளம் சேவையகக் கோளாறால் அழிந்தது. காப்பு நகல் எடுத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அதனை அழிந்த இயந்திரத்தின் உள்ளேயே வைத்திருந்தார். பரணில் வைக்க வேண்டியதை அஞ்சறைப் பெட்டியிலேயே வைத்தவர் கதைதான். எழுத்துகள் தேடுபொறி நகல்களிலிருந்தும் ஆவணக் காப்பகத்திலிருந்தும் திரும்பக் கிடைத்தன. படங்கள் கிடைப்பது கடினமாயிற்று. ஏனெனில் தேடுபொறிகள் எழுத்தைத்தான் பெரும்பாலும் பதுக்கின. தளம் முழுவதையும் தம் கணிப்பொறியில் நகலெடுத்து வைத்திருந்த இத்தாலிய மாணவர் ஒருவர் கைகொடுத்தார்.

கூகுள் 2024-இல் அந்த வசதியை நிறுத்திவிட்டது. பக்கங்கள் திறக்காமல் தொல்லை தந்த காலத்திற்காக ஏற்பட்டது அது, இப்போது நிலைமை மேம்பட்டுவிட்டது என்பது கூறப்பட்ட காரணம். வேகத்தைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மறைந்த பக்கத்தைத் தேடியவர்க்கு அது வேகத்தைப் பற்றிய செய்தி அன்று.

மறைவாக இருப்பதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைப்பது பிறர்க்கும் கிடைக்கும். பிரௌசிங் சென்டர்களில் ஒருவர் எழுந்து போன பின் அடுத்தவர் உட்கார்ந்த அதே கணிப்பொறியில், முன்னவர் பார்த்த பக்கங்களும் படங்களும் வட்டிலேயே கிடக்க இடமிருந்தது. எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் 2000-ஆம் ஆண்டில் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். ஒரு தளம் வேறொரு தளத்தின் படத்தை உங்கள் உலாவி வழியே கேட்டுப் பார்க்கிறது. படம் நொடிப்பொழுதில் வந்துவிட்டால், அது ஏற்கெனவே உங்கள் பதுக்கிடத்தில் இருந்திருக்கிறது. அதாவது அந்தத் தளத்திற்கு நீங்கள் முன்பே போயிருக்கிறீர்கள்! வட்டை யாரும் தொடவில்லை. கடிகாரம் ஒன்றே போதுமானதாயிற்று. இதனைத் தடுக்க, ஒவ்வொரு தளத்திற்கும் பதுக்கிடத்தில் தனித்தனி அறை பிரித்துக் கொடுக்கும் முறையைக் குரோம் 2020-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும் மேற்கொண்டன. இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

முதல் வலைப்பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? செர்ன் மையம் 2013-இல் அதனை மீட்க முற்பட்டது. அப்பக்கம் அன்றாடம் திருத்தப்பட்டு வந்ததால், பழைய வடிவத்தை எவரும் எடுத்துவைக்கவில்லை; கையில் இருந்தது 1992-ஆம் ஆண்டின் நகல். அறிவிப்பைக் கேள்வியுற்ற வட கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸ், 1991-இல் பெர்னர்ஸ்-லீ அங்கு வந்தபோது தந்துவிட்டுப் போன நகல் ஒன்று தம் பழைய ‘நெக்ஸ்ட்’ கணிப்பொறியில் இருப்பதாகத் தெரிவித்தார். அது 1992-ஐவிட ஓராண்டு முந்தியது. 1990-ஆம் ஆண்டு இறுதியில் எழுதப்பட்ட வடிவத்தின்மேல் அடுத்தடுத்த திருத்தங்கள் எழுதப்பட்டுவிட்டன.