தொலைந்த தட்டு யாருக்குச் சொந்தம்?

கிரிக்கெட்டில் ஆறு ஓட்டங்களுக்கு உயர்த்தி அடிக்கப்பட்ட பந்து பார்வையாளர் மத்தியில் விழுந்தால், அதைப் பிடித்தவர் மைதானத்துக்குத் திருப்பி எறிந்துவிடுவார். தேய்ந்து பழசாகிக்கொண்டு வரும் அந்த ஒரு பந்தைச் சுற்றியே ஆட்டத்தின் போக்கு அமைந்திருக்கிறது என்பதை நமது சிறுவர்களும் அறிவார்கள். அமெரிக்கரின் பேஸ்போலில் வழக்கம் நேர்மாறானது. அங்கு பந்து பிடித்தவருக்கே சொந்தம். ஆனால் ஆரம்பத்தில் அங்கும் இவ்வாறு இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டு நியூயோர்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்த ரசிகர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடர்ந்து 100 டொலர் நட்டஈடு பெற்றார். எந்த ஒரு விளையாட்டிலும் எல்லை தாண்டிப் போன பொருள் யாருடையது என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடுவதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

இவ்விரண்டு வழக்கங்களுக்கும் அப்பால், இக்கேள்வி அன்றாடம் எழுகின்ற விளையாட்டு ஒன்று இருக்கிறது. 'டிஸ்க் கொல்ப்' என்பது அதன் பெயர். தமிழில் தட்டுக் கொல்ப் எனலாம். கொல்ப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழிக்குள் விழுத்துவதைப் போல, இதில் பிளாஸ்டிக் தட்டைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எண்ணிக்கையான எறிகளில் முடிப்பவர் வெற்றியாளர். இங்கே தட்டு மைதானத்துக்கோ சங்கத்துக்கோ உரியதன்று. ஆடுபவர் தமது பணத்தில் வாங்கியது. அது பற்றைக்குள் மறைந்து, மறுநாள் முன்பின் அறியாத ஒருவர் கையில் அகப்பட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்?

தட்டின் பயணம்

பறக்கும் தட்டின் கதை கலிபோர்னியாவின் கடற்கரைகளில் ஆரம்பிக்கிறது. பிரெட் மொரிசன் என்பவர் 1930களின் இறுதியில் அங்கே கேக் தட்டுகளை எறிந்து விளையாடுவதற்காக விற்றார். பின்னர் அவர் பிளாஸ்டிக்கில் வடிவமைத்த தட்டின் உரிமையை 1957இல் வாம்-ஓ நிறுவனம் பெற்று, 'பிரிஸ்பீ' என்ற பெயரில் உலகெங்கும் கொண்டு சென்றது.

1964இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக், தட்டின் மேற்புறத்தில் வளையக் கோடுகளை அமைத்து அதன் பறப்பை நிலைப்படுத்தினார். அதற்கான காப்புரிமை 1967இல் கிடைத்தது. 1975இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிரந்தரத் தட்டுக் கொல்ப் திடலை அமைத்தவரும் அவரே. 1976இல் தொழில்முறைத் தட்டுக் கொல்ப் சங்கத்தை நிறுவினார். 1977இல் சங்கிலிக் கூடைக்கான காப்புரிமையையும் பெற்றார். சங்கத்தில் அவருடைய உறுப்பினர் இலக்கம் 1. இன்று அந்த இலக்கங்கள் இரண்டு இலட்சத்தையும் தாண்டிவிட்டன.

முதல் திடல் பொதுப் பூங்காவில் அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்ப் ஆட்டத்தின் வேலிகளும் அங்கத்துவக் கட்டணமும் காவலரும் இங்கில்லை. இன்றும் ஏராளமான திடல்கள் பொது இடங்களிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் கட்டணமின்றி எவரும் ஆடலாம். அதனால் தொலைந்த பொருளைப் பொறுப்பேற்க அலுவலகமோ அலுவலரோ அங்கு இருப்பதும் அரிது.

1983இல் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. டேவ் டனிபேஸ் விளிம்பைச் சாய்வாகக் கூர்மைப்படுத்திய தட்டை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துச் செல்லும் இவ்வகைத் தட்டு, தேர்ந்த கையிலிருந்து 100 மீற்றருக்கு மேல் பறக்கும். தூரம் கூடியபோது தொலைவதும் கூடியது. பெரும்பாலான தட்டுகள் தண்ணீரில் மூழ்கிவிடும் என்பது மேலதிகச் சங்கடம்.

புதிய தட்டு ஒன்றின் விலை பத்து முதல் இருபத்தைந்து டொலர் வரை இருக்கலாம். ஆயினும் இழப்பை விலையால் மாத்திரம் அளக்க முடியாது. மரங்களில் மோதித் தேயத் தேயத் தட்டு பறக்கும் விதம் மாறும். எங்கே வளையும், எங்கே சரியும் என்பதை ஆட்டக்காரர் பல மாதப் பழக்கத்தில் அறிந்து வைத்திருப்பார். பழைய பந்தின் குணமறிந்த பந்துவீச்சாளருக்கு இது விளங்கும். அதே அச்சில் வார்த்த புதுத் தட்டை வாங்கினாலும் கைக்குப் பழகிய தட்டு திரும்பாது. முதல் எறியிலேயே கூடைக்குள் விழுந்த தட்டில், உடனிருந்தவர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அத்தகைய தட்டு தொலைந்தால் கடையில் மாற்று ஏது?

சட்டம் சொல்வது

தொலைத்தல் வேறு, கைவிடுதல் வேறு. இந்த வேறுபாட்டை உரோமச் சட்டமே தெளிவாக வகுத்திருந்தது. புயலில் சிக்கிய கப்பலின் பாரத்தைக் குறைக்கக் கடலில் வீசப்பட்ட பொருள்கூட உரிமையாளருக்கே உரியது என்றும், இலாபம் கருதி அதை எடுத்தவர் திருடரே என்றும் ஜஸ்டீனியன் பேரரசரின் சட்டத் தொகுப்பு கூறுகிறது.

1722இல் இங்கிலாந்தில், புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவன் ஒருவன் தான் கண்டெடுத்த நகையைப் பொற்கொல்லர் ஒருவரின் கடைக்கு எடுத்துச் சென்றான். அங்கு வேலை பழகியவர் அதிலிருந்த கற்களைக் கழற்றிக்கொண்டார். சிறுவன் வழக்குத் தொடர்ந்து வென்றான். கண்டெடுத்தவருக்கு அப்பொருளில் முழு உரிமை கிடையாது; ஆனால் உண்மையான உரிமையாளரைத் தவிர ஏனைய எவருக்கும் எதிராக அதை வைத்திருக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம். அந்த ஒரேயொரு விதிவிலக்கு, உண்மையான உரிமையாளர், இன்றுவரை நீடிக்கிறது.

மெக்காலேயின் தலைமையில் வரையப்பட்டு 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைக்கோவையில் இதனை விளக்கும் இரு உதாரணங்கள் உண்டு. வீதியில் கிடந்த ரூபாயை, யாருடையதென அறியாமல் எடுப்பவர் குற்றவாளி அல்லர். கடிதத்தினுள் வங்கித்தாள் இருக்க, முகவரியிலிருந்து உரியவரை அறிந்துகொண்டும் அதைத் தனதாக்குபவர் குற்றவாளி. அக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டே 1883இல் இலங்கைக்கும் தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. தட்டுக் கொல்ப் பிறந்த கலிபோர்னியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது: உரியவரை அறியும் வழியிருந்தும், நியாயமான முயற்சி எடுக்காமல் கண்டெடுத்த பொருளைத் தனதாக்குவது திருட்டாகும்.

கொல்ப் பந்துகளில் உரியவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. 1948இல் இங்கிலாந்தில், கொல்ப் கழகத் திடலுக்குள் அத்துமீறி நுழைந்து தொலைந்த பந்துகளைப் பொறுக்கியவர் குற்றவாளியாகக் காணப்பட்டபோது, அவை திடலை நடத்திய கழகத்தின் வசமுள்ளவை என்றே கொள்ளப்பட்டது. பொதுப் பூங்காவில் அத்தகைய கழகம் இல்லை. ஆகவே தட்டுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது.

அடிப்புறத்தில் ஒரு பெயர்

ஆட்டக்காரர்கள் அந்த முகவரியைத் தாமே எழுதிக்கொண்டார்கள். தட்டின் அடிப்புறத்தில் அழியா மையினால் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுவது இந்த விளையாட்டின் முதற்பாடமாயிற்று. சிலர் சங்க உறுப்பினர் இலக்கத்தையும் எழுதுவர். போட்டி விதிகளின்படி, தொலைந்த தட்டைத் தேட மூன்று நிமிடங்கள் உண்டு. உடன் ஆடுவோரும் தேடலில் உதவ வேண்டும். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு எறி தண்டமாகச் சேர்க்கப்படும். விதி அங்கே முடிகிறது. மரபு அங்கே ஆரம்பிக்கிறது.

மரபு சொல்வது எளிது. பெயரும் இலக்கமும் இருந்தால் அழைக்க வேண்டும், அல்லது குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். உரியவர் வந்து எடுக்கலாம், தபாலில் பெறலாம், "நீங்களே வைத்திருங்கள்" என்றும் சொல்லலாம். அப்படிப் பலர் சொல்வதுண்டு. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருடையது. நன்றிக்கடனாக வேறொரு தட்டைக் கொடுப்பவர்களும் உளர். எடுத்தவர் தாமாகப் பணம் கேட்பது இழிவாகக் கருதப்படுகிறது. பெயரில்லாத தட்டைக் கூடையின் மேல் வைத்துவிட்டுப் போகலாம், உள்ளூர்க் கழகத்தின் பெட்டியில் சேர்க்கலாம், வைத்துக்கொண்டாலும் குறை சொல்வார் அதிகம் இல்லை. மெக்காலே குறிப்பிட்ட வீதியில் கிடந்த ரூபாய் அது.

பெயரை இரசாயனத்தால் துடைத்துவிட்டுப் பழைய தட்டாக விற்பதுதான் இந்தச் சமூகம் மன்னிக்காத செயல். உரியவரை அறிந்துகொண்டே அறியாதவர் போல் நடிப்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை.

குளங்களின் கதை சிக்கலானது. ஆட்டக்காரர் அடைய முடியாத நீரடியிலிருந்து ஒருவர் உழைத்து எடுக்கும் தட்டுகளை விற்கலாமா? உழைப்புக்குக் கூலி உண்டு என்பது ஒரு தரப்பு. பெயர் நீரில் மூழ்கினாலும் பெயர்தான் என்பது மறு தரப்பு. இந்தச் சிறு வாணிபத்தின் மறுமுகத்தை 2022 மே இறுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கண்டது. லார்கோ நகரிலுள்ள பூங்காவின் ஏரியில் தட்டுகளைத் தேடி இறங்கிய 47 வயதுடைய ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். நீரில் இறங்குவதைத் தடைசெய்யும் அறிவிப்பு அங்கே இருந்தது. சில டொலருக்கு விலைபோகும் பழைய தட்டுகளுக்காக ஒரு மனித உயிர் போனது. எடுத்த தட்டு யாருடையது என்று வாதிடுவோர், அதை எடுக்க நீரில் இறங்குபவர் எத்தகைய நெருக்கடியில் இறங்குகிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

செய்தி ஆசிரியர் பீடங்களில் பல ஆண்டுகள் பெரிய குற்றங்களின் செய்திகளையே செப்பனிட்டவன் நான். காவலரோ சாட்சியோ இல்லாத இடத்தில், சில டொலர் பெறுமதியான பொருளுக்காக அந்நியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கும் மனிதர்கள் செய்தியாவதில்லை. வேலியற்ற திடல்கள் நிலைத்திருப்பது அவர்களால்தான்.

மனிதர் இறந்தால் ஆன்மா கூரையொன்றின் மேல் போய் விழுந்து அங்கேயே கிடக்கும் என்று எட் ஹெட்ரிக் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தட்டு கூரையில் ஏறித் தொலைந்துபோன அனுபவம் இல்லாதவர் எவர்? 2002 ஓகஸ்டில் அவர் காலமானபோது, அவரது விருப்பப்படியே அவரது அஸ்தியின் ஒரு பகுதி பிளாஸ்டிக்குடன் கலக்கப்பட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையான தட்டுகளாக வார்க்கப்பட்டது. ஒரு தட்டில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது அவர் விடயத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. ஏனைய தட்டுகளில் அந்த மனிதன் அடிப்புறத்தில் எழுதிய ஒரு பெயராகவும் சில இலக்கங்களாகவும் இருக்கிறான். குனிந்து எடுப்பவர் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.