ட்ரென்டன் மருத்துவமனையும் அழற்சிக் கருதுகோளும்

இருமுனைக் கோளாற்றில் அழற்சிக்குப் பங்குண்டு என்னும் கருதுகோளைப் புத்தம் புதியதாக அறிமுகப்படுத்தும் வழக்கம் கருத்தரங்குகளில் உண்டு. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்கதை இருக்கிறது. அதைப் பேசத் தயங்குவதற்குக் காரணமும் இருக்கிறது.

1907இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரானவர் ஹென்றி காட்டன். பித்தையும் பெருஞ்சோர்வையும் ஒரே நோயாகத் தொகுத்த கிரேப்லினின் மியூனிக் மருத்துவமனையில் பயின்றவர். 1913இல் நோகுச்சியும் மூரும் பொதுப் பக்கவாத நோயாளிகளின் மூளைத் திசுவில் சிபிலிஸ் கிருமியைக் காட்டினர். மனநோய் ஒன்றுக்குக் கிருமியே காரணம் என்று நிறுவப்பட்டதும், எஞ்சியவற்றுக்கும் அதுவே காரணம் என்று காட்டன் துணிந்துவிட்டார். உடலின் ஏதோ ஒரு மூலையில் மறைந்திருக்கும் சீழ்த்தொற்று மூளையை நஞ்சாக்குகிறதாம்! பற்களைப் பிடுங்கினார்; டான்சிலை அகற்றினார்; பெருங்குடலையும் வெட்டியெடுத்தார். தம் பிள்ளைகளின் பற்களைக்கூட விடவில்லை. ஆகவே அவரை மோசடிக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. நூற்றுக்கு 85 பேர் குணமடைவதாக அறிவித்தார். குடல் அறுவையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தனர்.

1924இல் அடால்ஃப் மேயர் அனுப்பிய ஃபிலிஸ் கிரீனேக்கர் பதிவேடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். காட்டனின் கணக்கு பொய்த்தது. அந்த அறிக்கையை மேயர் வெளியிடவில்லை. அறுவைகள் தொடர்ந்தன. கருதுகோளைவிட இந்த மௌனமே பெரிய குற்றம் என்பது என் கருத்து.

இன்றைய வாதம் வேறு. தேடப்படுவது சீழ் அன்று, நோயெதிர்ப்பு மண்டலத்தின் சமிக்ஞைகள். பித்தநிலையிலும் சோர்வுநிலையிலும் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவை குருதியில் சராசரியாக உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் பெற்றவர்களுள் பலர் கடுஞ்சோர்வுக்கும் சிலர் பித்துக்கும் ஆளானது வலுவான சான்று.

எனினும் குருதியில் காண்பது காரணமா, விளைவா, உடற்பருமனின் நிழலா? சிகிச்சைச் சோதனைகள் அடக்கமாகவே பதிலளித்துள்ளன. பாகிஸ்தானில் 266 நோயாளிகளிடம் மினோசைக்ளினும் செலகாக்சிபும் சோதிக்கப்பட்டு, 2020இல் வெளியான முடிவில் இரண்டுமே போலிமருந்தை விஞ்சவில்லை. 60 பேரிடம் நடந்த இன்ஃப்ளிக்சிமாப் சோதனையும் (2019) ஒட்டுமொத்தமாகத் தோற்றது. குழந்தைப் பருவத்தில் உடல்வதைக்கு ஆளானோரிடம் மட்டும் சோர்வு குறைந்ததாக இரண்டாம்நிலைப் பகுப்பாய்வு கூறியது. அச்சிறு குழுவின் முடிவைத் தனிச் சோதனையால் உறுதிசெய்யாமல் மருந்துச்சீட்டில் ஏற்றுவதற்கில்லை. தோல்வியுற்ற இவ்விரு சோதனைகளும் அச்சேறியிருக்கின்றன. கிரீனேக்கரின் அறிக்கைக்கு அது வாய்க்கவில்லை.