வேலைதான் வாடகை

2022இல் சாமான் விலை ஏறியபோது, டவுனில் நானிருந்த வீட்டுக்கும் வாடகை கூடியது. அதனால் இந்த வரலாறு.

1915இல், போர்க்காலத்தில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை ஏற, மேரி பார்பர் போன்ற பெண்கள் கூட்டிக் கொடுக்க மறுத்துத் திரண்டார்கள். அதே ஆண்டில் பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், இலங்கைக்கும் வந்தது. 1972இல் புதிய வாடகைச் சட்டம்.

ஆனால் என் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் இருந்த திம்புள்ள லயங்களில் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. லயத்துக் காம்பராவுக்கு வாடகை கிடையாது, வேலைதான் வாடகை. செக்ரோலில் பெயர் வெட்டினால் காம்பராவும் கையில் நிற்காது.

வாடகைக்கு வரம்பு கேட்போம், அது நியாயம். அதே குரலில் லயத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கும் 7 பேர்ச் காணிக்கும் உறுதிப்பத்திரம் கேட்போம்.